ஓடீல் வீட்டு முற்றத்தில் பெரிய மேளம்

எங்கள் ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய மேளம் ஓடீலுடையது. அவர் அடித்தால் மாதா கோயில் கண்ணாடி அதிரும். தன் பண்ணைக்குள் மட்டும் பூனை நடை நடப்பார். இருமல் வந்தால்கூட வயலுக்குப் போய் இருமிவிட்டு வருவார். எல்லாம் பன்றிகளுக்காக.

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸில் நாங்கள் எல்லோரும் பெரிய தொடைக்கு ஆசைப்பட்டு வளர்த்த இனம் அது. அந்தச் சதையோடு ஒரு கோளாறும் பரம்பரையாக வந்தது. மிரண்டால் உடம்பு கொதிக்கும், தசை விறைக்கும், பன்றி செத்துப்போகும். 1977-ல் நான் விளையாட்டாக அவர் வாசலில் ட்ரம்பெட் ஊதி ஒரு சினைப்பன்றியைக் கொன்றேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டினால் மற்றவையும் மிரளுமே!

இருபத்தைந்து வருடம் வாசித்தவர் வீட்டு முற்றத்துக்கே போய் வாசிப்பது எங்கள் குழுவின் வழக்கம். ஓடீலின் முறை 1981 மே மாதம். அந்த நாளுக்குள் பண்ணையில் மிரண்டு சாகும் பன்றியே இருக்கக் கூடாது என்று 1977-லேயே லீவாவை வரவழைத்தார். எட்டு வாரக் குட்டிகளின் மூக்கில் மயக்க மருந்து வரும் மூடியை வைத்துப் பார்ப்பது அவள் வேலை. மூன்று நிமிடத்தில் கால் துவண்டால் நல்ல குட்டி. கட்டையாக விறைத்தால் கோளாறு. உடனே மூடியை எடுத்துவிடுவாள். துவண்ட தாய்க்கும் சில சமயம் விறைக்கும் குட்டி பிறந்தது. அப்போது கோளாறு இரண்டிலும் ஒளிந்திருக்கிறது என்று தாயையும் தகப்பனையும் சேர்த்தே கழித்தார் ஓடீல். இப்படியே நான்கு வருடம்.

மே மாதம் சோதிக்க மிஞ்சியது கடைசி ஈற்று, பதினோரு குட்டிகள். "ஒண்ணு விறைச்சாலும் யாரும் வர வேண்டாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டார். பத்து துவண்டன. பதினொன்றாவது காலை நீட்டியது.

"போச்சு!" என்றார் ஓடீல்.

"சும்மா இருங்க. உதைக்குதுங்க அது, விறைக்கல" என்றாள் லீவா.

கால் தொங்கியது. லீவாவின் பூட்ஸ் நனைந்தது.

"என் மேலயே போயிட்டு தூங்குது பாருங்க. உங்க கூட்டத்த வரச் சொல்லுங்க!"

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைய நின்றோம். ஓடீல் மேளக்கோலை ஓங்கினார், கை இறங்கவில்லை. முழங்கால் விறைத்தது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

"இன்னும் ஒண்ணு விறைக்குது, எடுங்க அந்த மூடிய!" என்று லீவா கத்தினாள். முற்றமே சிரித்தது. ஓடீலும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஆரம்பிடா. அன்னைக்கு ஊதினியே, அதே மாதிரி ஊது."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். மேளமும் சேர்ந்து இடித்தது. கண்ணைத் திறந்தபோது கொட்டிலில் கொழுத்த தாய்ப்பன்றி ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, தொட்டியைப் பார்த்தது, தீனி இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொண்டது.