செருப்பு வார் பட்ட இடம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பாதங்களில் வெள்ளைத் திட்டு விழுந்ததும், பாடத்தில் படித்த தொழுநோய்தான் என்று நானே முடிவு செய்து, சாப்பிடும் தட்டைத் தனியே வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் அம்மா, "டாக்டரு சொன்னாரா கண்ணு, இல்ல நீயே சொல்லிக்கிறயா?" என்று கேட்டார்.

மறுநாள் கோயமுத்தூரில் தோல் டாக்டர் திட்டுகளைப் பஞ்சால் தொட்டார், உணர்ச்சி இருந்தது. "செருப்பைப் போடுங்க தம்பி" என்றார். ரப்பர் வார் திட்டின்மேல் அப்படியே பொருந்தியது.

"தொழுநோய் இல்லீங்க. ரப்பர் ஒத்துக்காம நெறம் போயிருக்குது. இதை வீசிப்போட்டு களிம்பு தடவுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே தோல் செருப்பு வாங்கினேன். இப்போது புள்ளிபுள்ளியாக நிறம் திரும்புகிறது. உடம்பில் என்ன தெரிந்தாலும் நானாக அதற்குப் பெயர் வைப்பதில்லை. முதலில் டாக்டரிடம் காட்டிவிடுகிறேன்.