நைட் ஷிஃப்ட் முடிந்து இரண்டு இட்லி

இந்த வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட். இன்று காலை ஜூஜுவாடியில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஷூ மாற்றிக்கொண்டு, வழக்கம்போல் கன்னடக்கார அக்காவின் தள்ளுவண்டியில் இரண்டு இட்லி வாங்கினேன். சாப்பிட்டு, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஓடுவேன்.

எங்கள் ஓட்டக் குழுவை நடத்துபவர் அந்தப் பக்கம் வந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன மேடம், ஓடறதுக்கு முன்னாடி இட்லியா? காலைல வெறும் வயித்துலதான் ஓடணும்னு குரூப்ல போட்டேனே, பாக்கலையா?"

"பாத்தேன் சார். நேத்து ஒரு நாள் மட்டும் அப்படி ஓடிப் பாத்தேன். சர்வீஸ் ரோட்டுல தலை சுத்தி உக்காந்துட்டேன்."

"அப்ப ராத்திரி நல்லா தூங்கியிருக்க மாட்டீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எங்க சார் தூங்கறது? ராத்திரி முழுக்க மெஷின்கிட்ட நின்னுட்டு வரேன். உங்களுக்குத்தான் இது காலை. எனக்கு இது சாயங்காலம். வேலை முடிச்சு வந்தவ வயித்துக்கு ஒண்ணும் போடாம எப்படி ஓடுவா?"

அவர் விடவில்லை. "அப்ப பேசாம சாயங்காலமா ஓடுங்களேன்."

"அதைத்தானே சார் செய்யப்போறேன்!"

வண்டிக்கார அக்கா சிரித்துக்கொண்டே, "இன்னொந்து பேக்கா? இன்னொண்ணு வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுதான் இருந்தேன். சாரைப் பார்த்தபடியே தட்டை நீட்டினேன்.

மூன்று இட்லியோடு ஓடினேன். தலை சுற்றவில்லை.

ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே ஓடுகிறவர்களே, உங்களுக்கு எத்தனை இட்லி?