கிருஷ்ணப்ரியாவின் ஊதாப் பாவாடை

எங்க வளவுல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் துவைக்கிற கல்லு ஒண்ணே ஒண்ணுதான். காலையில அது பொம்பளையளுக்கு. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் சோலைராஜுக்கு. அவன் பெண்டாட்டி வனிதா மஞ்சக்காமாலையில போய்ச் சேர்ந்த பிறகு, முதல் தடவை அவன் வாளியைத் தூக்கிட்டு வந்து நின்னப்போ, "புதுசா ஒரு பொம்பள வந்திருக்கா, வழி விடுங்கடி"ன்னு நான்தான் கேலி பண்ணுனேன். என் வாய் அப்படி. பொன்மணி கடை மாவும் புளிக்கும், வாயும் புளிக்கும்னு வளவுல சொல்லுவாளுக. சோலை சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. மகளோட வெள்ளைச் சட்டையை எடுத்துக் காலர்ல சோப்புப் போட ஆரம்பிச்சுட்டான்.

எங்க போர்த் தண்ணி உப்பு. அதுல முக்கினா வெள்ளைத் துணி பழுத்துப் போகும். குழாயில நல்ல தண்ணி வரும்போது பிடிச்சு வச்சதை மகள் யூனிபாரத்துக்குன்னு ஒதுக்கிட்டு, இவன் உப்புத் தண்ணியில குளிச்சுக்கிட்டுக் கிடப்பான். தலைமுடி தேங்காநாராட்டம் ஆகிப்போச்சு. மழைக்காலத்துல அவ கரிசல் சகதியை மிதிச்சுட்டு வந்தா, பாவாடையை ஈரத்தோட தொடமாட்டான். காயவிட்டு, தட்டி உதுத்துட்டுத்தான் ஊறவைப்பான். ஈரத்துல தேச்சா அந்த மண்ணு நூலுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். சொட்டு நீலம் ஒரு துளி கூடிட்டாலும் மறுபடி அலசுவான். பாக்குற எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

"ஏம்ல இப்படிக் கிடந்து மாரடிக்க? எட்டாப்பு படிக்கிற புள்ள, அவளே ரெண்டு கும்மு கும்மிக்கிட மாட்டாளா?"ன்னு ஒரு நாள் கேட்டேபுட்டேன்.

"அவ படிக்கட்டும்க்கா. பள்ளிக்கூடத்துல வரிசையில நிக்கும்போது அவ துணியைப் பாத்துத் தாயில்லாப் புள்ளைன்னு எவளும் கண்டுபிடிச்சிரக் கூடாது. எனக்கு அது போதும்"னான்.

அவனுக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒண்ணுதான். வனிதா ஆளுக விளாத்திகுளம் பக்கம்; காரியம் முடிஞ்சதோட வரத்து நின்னு போச்சு. இவன் ஆளுக கயத்தாறுல இருந்தும் இல்லாத மாதிரிதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு வாசல்ல ஒரு செருப்பு கூடுதலாக் கிடந்து நான் பாத்ததில்ல. அப்பனும் மகளும் சாப்பிடும்போது தட்டு சத்தம்தான் கேட்கும்.

போன கார்த்திகையில ஒரு மத்தியானம் சோலை மக கிருஷ்ணப்ரியா பள்ளிக்கூடத்துல இருந்து பாதியிலயே வந்துட்டா. இடுப்பைச் சுத்தி டீச்சரம்மா சால்வை. அவ வீட்டுக்குப் போகல. நேரா என் வீட்டுக்குள்ள வந்து நின்னா.

"ஏட்டி, என்ன?"ன்னேன்.

"அத்தை"ன்னு ஒரு சொல்லுதான் சொன்னா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சு நிக்கி. எனக்குப் புரிஞ்சு போச்சு. வெந்நி வச்சு, மாத்துத்துணி கொடுத்து, உள்ளறையில ஜன்னலோரமா உக்காரவச்சேன். தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஆம்பளைக யாரும் அவளைப் பாக்கக் கூடாது, பெத்த அப்பனும்தான். அன்னைக்கு உடுத்தியிருந்த துணியையும் வீட்டுல வச்சுக்கிடக் கூடாது. கிராமம்னா துணி வெளுக்கிற அம்மா வந்து வாங்கிட்டுப் போவா. இங்கன டவுன்ல யாரு வாரா? ஒரு பையில சுத்தி, குப்பை வண்டி வந்தா போடலாம்னு வளவு வாசல் ஓரமா வச்சேன்.

சாயங்காலம் சோலை வந்ததும் சேதியைச் சொன்னேன். ஆளு அப்படியே படியில உக்காந்துட்டான். சிரிக்கானா அழுகானான்னு தெரியல. "வனிதா இருந்தா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டான். பிறகு எந்திரிச்சு, "அவ துணி எங்கக்கா?"ன்னான்.

"எந்தத் துணி?"

"இன்னைக்குப் போட்டுப் போனது. துவைக்கணும்லா."

"கூறுகெட்டவனே, அதையெல்லாம் துவைக்கக் கூடாதுல. தூரப் போட வச்சிருக்கேன்."

"எதுக்குக்கா? கறைதான? நான் துவைச்சுப் போகாத கறையா?"

பொம்பளைக்குப் பொம்பளை கண்ணைக் காட்டுனாலே புரியுற விஷயம் இது. இவன்கிட்ட எங்கன ஆரம்பிச்சு எங்கன முடிக்க? "போல, போயி சோத்தைத் தின்னு"ன்னு விரட்டிவிட்டுட்டு மாவாட்டப் போயிட்டேன்.

கிரைண்டரை நிறுத்துனா, வெளிய கல்லுல துணி அடிக்கிற சத்தம். அடப்பாவின்னு ஓடி வந்து பாக்கேன். பையைப் பிரிச்சு, அந்த ஊதாப் பாவாடையைப் போட்டுத் துவைச்சுக்கிட்டிருக்கான். அன்னைக்குன்னு பாத்துக் குழாயில தண்ணி வேற வந்துட்டுது. குடமும் கையுமா வளவே அங்கன நிக்கி. ஒருத்தி முந்தானையால வாயைப் பொத்துதா. எதிர்வீட்டு இசக்கிராஜா, காலேஜ் படிக்கிற பய, பைக்கை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கான். இவனுக்கா ஒரு பிரக்ஞையும் இல்ல. அலசி, உதறி, ரெண்டு கையாலயும் வெளிச்சத்துக்கு நேரா விரிச்சுப் பிடிச்சான்.

"கறை போயிட்டுதுக்கா! பாருங்க, ஒண்ணுமே தெரியல"ன்னான் என்னைப் பாத்து. அப்படி ஒரு சந்தோசம் முகத்துல.

ஜன்னல்ல இருந்து புள்ள கத்துனா. "அப்பா, அதைக் கீழ போடுங்கப்பா! அசிங்கமா இருக்குப்பா!" ஜன்னல் கதவைப் படார்னு சாத்துனா.

சோலை அப்படியே நின்னான். பாவாடையில இருந்து தண்ணி அவன் முழங்கை வழியா ஒழுகுது. பிறகு சுருட்டி வாளியில போட்டுக்கிட்டு, யாரையும் பாக்காம வீட்டுக்குள்ள போயிட்டான். "என்னங்கடி வேடிக்கை? உங்க வீட்டுல நடக்காததா?"ன்னு நான் எல்லாரையும் கிழிச்சேன். எனக்கு அவன்மேலயும் ஆத்திரம், புள்ளமேலயும் ஆத்திரம். இதையெல்லாம் அவன் காதுல போட ஒரு அக்கா தங்கச்சி வந்து எட்டிப் பாக்கலையேன்னு அவன் ஆளுகமேல அதைவிட ஆத்திரம்.

தண்ணி ஊத்தி, புள்ளையை வீட்டுக்கு அனுப்பியாச்சு. மறுநாள் விடியும்போதே அவ வாளியோட கல்லுக்கு வந்துட்டா. தன் துணியைத் தானே துவைச்சு, வீட்டுக்குள்ளயே கொடி கட்டி, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக் காயப்போட்டா. தினமும் அப்படித்தான். சோலை சாயங்காலம் வருவான். அவன் சட்டையும் கைலியும் துவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? முடிச்சுட்டு ஈரக் கல்லுமேலயே உக்காந்திருப்பான். வீட்டுக்குள்ள, "சாப்டியா?" "ம்." அதோட பேச்சு முடிஞ்சுது.

ஒரு நாள் மாவு வாங்குற சாக்குல வந்து, "அக்கா, அவளை அசிங்கப்படுத்தணும்னா நான் செஞ்சேன்?"னு கேட்டான்.

"இல்லல. ஆனா நீ ஆம்பளைல, மடையா. எப்படிப் பாத்தாலும் ஆம்பளைதான்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவன் சரிதான்னு தலையை ஆட்டிட்டு, மாவை வாங்காமயே போயிட்டான். எனக்கு அன்னைக்குப் பூரா மனசு சரியில்ல.

பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்குச் சாயங்காலம், அவன் கல்லுகிட்ட இருக்கும்போது கிருஷ்ணப்ரியா வந்தா. கையில வெள்ளைச் சட்டை மட்டும். "அப்பா, சட்டையை நீங்க துவைங்க. பாவாடையை நான் பாத்துக்கிடுதேன்"னு நீட்டுனா.

ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். எனக்கே கண்ணு கலங்கிப் போச்சு. காலருக்குச் சோப்பு, கைப்பட்டிக்குச் சோப்பு, அலசு, நீலம், திரும்ப ஒரு அலசு. பிழிஞ்சு, உதறி, கொடியில போட்டான். திரும்பி வந்து குனிஞ்சு, பழக்கத்துல வாளிக்குள்ள கையை விட்டுத் துழாவுனான். வெறும் தண்ணி.

"வேற ஒண்ணும் இல்லியாம்மா?"ன்னு கேட்டான்.

"இல்லப்பா, அவ்வளவுதான்"னு சொல்லிட்டு, அவ உள்ள போயிக் கதவைச் சாத்துனா.