நல்லது கெட்டதுக்குப் போகாதவர்கள்

எனக்குச் சமாதானத்தில் எந்த ஆர்வமும் இருந்ததில்லை. போர், வரலாறு, அயலுறவு மூன்றையும் சேர்த்து ஒரு முதுகலைப் படிப்பை, அதுவும் கடல் தாண்டிய பல்கலைக்கழகம் ஒன்று இன்டர்நெட் வழியாக நடத்தியதை, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னால், உலக அமைதியில் அக்கறை கொண்ட அம்மாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சல் வருகிறது. நான் என் பெரியப்பாவை ஜெயிப்பதற்காகப் படித்தேன்.

எங்கள் ஊர் எறையூர் ஆலைக்குக் கரும்பு அனுப்பும் ஊர். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் பங்குக் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. முறை வந்தவர் மோட்டாரைப் போட்டுத் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். சிக்கல் கரண்டில்தான். நம் முறையன்று கரண்ட் இல்லாமல் போனால் முறை போனது போனதுதான் என்பது பெரியப்பாவின் சட்டம். கரண்ட் வரும்வரை முறை அப்படியே நிற்கும் என்பது அப்பாவின் சட்டம். நல்ல மழை பெய்த வருஷங்களில் இரண்டு சட்டங்களும் ஒரே கிணற்றில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

பிறகு வறட்சி வந்தது. எங்கள் முறை நாட்களாகப் பார்த்துக் கரண்ட் போனது. கரும்பு சோகை காய்ந்து நின்றது. அப்பா கிணற்றடிக்குப் போய், விட்டுப்போன முறையை ஒரு தடவையாவது கொடு என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். நான் அப்போதுதான் புருஷன் வீட்டை விட்டு வந்திருந்தேன். ஏன் வந்தேன் என்பது இங்கே தேவையில்லை. சரியான காரணத்துக்குத்தான் வந்தேன். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "வாழாவெட்டிய வூட்டுல வச்சிருக்கறவனுக்குத் தண்ணி ஒண்ணுதான் கொறச்சலா?"

அவருக்குப் பக்கத்தில் அவருடைய மூத்த மகன் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். பாப்பா பாப்பா என்று கூப்பிடுவார். அரியலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் ஆகியிருந்தார். படித்தவர், ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். மோட்டார் ஷெட்டைப் பார்த்தபடி நின்றார். பெரியப்பா பேசியதைவிட அந்த நிற்பு எனக்கு அதிகம் வலித்தது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது நின்றது. கல்யாணம் காதுகுத்துக்கு அழைப்பு கிடையாது, சாவுக்கும் போவது கிடையாது. எங்கள் பக்கத்தில் உறவை வெட்டுவது என்றால் அதுதான்.

வாழாவெட்டி என்ற சொல்லை என் தலையிலிருந்து இறக்க வேண்டும், அதற்கு எனக்கென்று இன்னொரு சொல் வேண்டும். அரியலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி வேலைக்குப் போக முதுகலை தேவைப்பட்டது. திருச்சிக்குப் போய்ப் படிக்க நேரமில்லை. சிங்கப்பூரில் இருந்த தம்பி இந்தப் படிப்பைக் கண்டுபிடித்து, அவனே பணமும் கட்டினான். பாடத்தின் பெயரைக் கேட்டதுமே பிடித்துப்போனது. எதிரியை எப்படி மடக்குவது என்று சொல்லித்தர உலகத்தில் ஓர் இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பள்ளி விட்டு பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, ஊருக்கு டவுன் பஸ் வரும்வரை பிரவுசிங் சென்டரில் உட்காருவேன். சிமென்ட் லாரிப் புழுதி அப்பிய முகத்தோடு பிளைவுட் தடுப்புக்குள் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் கடைக்காரனுக்குச் சந்தேகம். "சாட்டிங்கா மேடம்?" என்று இளிப்பான். "ஆமா, பீரங்கியோட" என்றேன் ஒருநாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னோடு படித்தவர்கள் ஏதேதோ நாட்டுப் பட்டாளத்துக்காரர்கள், தூதரக குமாஸ்தாக்கள். உங்கள் ஊர் வரலாற்றிலிருந்து ஓர் உதாரணம் கொடுங்கள் என்றார்கள். பிள்ளைகளை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப்போகும் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி விழுந்து விழுந்து எழுதினேன். "மிகவும் சுவாரசியம்" என்று ஒருவன் பதில் போட்டான். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் அறைந்திருப்பேன்.

இப்படியே இறுதித் தேர்வு வரை வந்துவிட்டேன். அங்கேதான் வைத்தார்கள் ஆப்பு. தேர்வைக் கம்ப்யூட்டரில் எழுதலாம், ஆனால் ஒரு கல்வி நிறுவனத்தின் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும். அவருக்குத்தான் பாஸ்வேர்டு வரும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. தவறவிட்டால் மறுபடி பணம் கட்டிப் படிக்க வேண்டும். தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இனி கேட்க முடியாது. ஆக, எனக்கு ஒரே ஒரு தேர்வுநாள்.

எங்கள் பள்ளித் தாளாளரிடம் போய்க் கேட்டேன். "ஏன் டீச்சர், இதப் படிச்சு யாரு மேல படையெடுக்கப் போறீங்க?" என்று சிரித்தார். படிப்பு முடிந்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். முடியாது என்றார். இன்னொரு தலைமையாசிரியர் பாடத்தின் பெயரைப் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யுத்தம்னு போட்டிருக்கேம்மா. நாளைக்கு போலீசு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?" ஆயுதக் குழுக்களைத் தேடிப் போலீஸ் வீடு வீடாகப் புகுந்த எங்கள் மாவட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது, அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. மற்றவர்களுடைய பள்ளிகளில் இன்டர்நெட் இல்லை. கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெயர்.

வீட்டுக்குப் போகாமல் பெரியப்பா மகனுடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார்.

"பரவால்லைங்க சார்" என்று நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அண்ணே என்று கூப்பிட்ட வாயால் சார் என்று சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அவர் விதிகளை நிதானமாகப் படித்தார்.

"சொந்தக்காரங்களா இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"உங்களுக்கும் எங்களுக்கும் நல்லது கெட்டதே இல்லைங்களே சார்."

விதித் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "பண்றேன். ஆனா ஒரு நிமிஷம் கூட எச்சா தர மாட்டேன்" என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். நான் எப்போது தப்புச் செய்வேன் என்று பார்த்திருக்கும் ஆளைவிட நேர்மையான கண்காணிப்பாளர் எங்கே கிடைப்பார்?

பல்கலைக்கழகத்துக்கு மறைக்காமல் எழுதினேன். பெரியப்பா மகன்தான், ஆனால் தூதரக உறவு முறிந்த இரண்டு நாடுகள் நாங்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மற்றவர் போவதில்லை என்று. அவர்கள் பாடத்தின் வார்த்தையை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தேன். அங்கே இருந்த பெண்மணி நாலைந்து நாள் யோசித்து ஒப்புக்கொண்டாள். அந்த வாசகத்தை அப்படியே வைத்துத் தேர்வு நாளன்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பெரியப்பா செத்துப்போனார்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவன் செத்தாலும் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று எத்தனையோ தடவை சொன்னவர், சேதி வந்ததும் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் துண்டோடு எழுந்தார். வாசலில் திரும்பி, "நீ வரலியா?" என்றார்.

"பரீச்சை இருக்குப்பா."

"அது நாளான்னிக்குத்தானே."

கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். சாவுக்குப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், போனால் அது பொய், பொய் என்றால் பரீச்சை செல்லாது என்றேன். அப்பா என்னைப் புரியாத பாஷை பேசுகிறவளைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பறைச் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்டது. நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இருந்தவரைக்கும் எங்கள் முறையைப் பிடுங்கிக்கொண்டவர், போகிற போக்கில் என் பரீச்சையையும் பிடுங்கப் பார்க்கிறாரே என்றிருந்தது. தெருப் பெண்கள் என் காதில் விழும்படிப் பேசிக்கொண்டு போனார்கள். கட்டிக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்குப் பங்காளித் தீட்டு கிடையாது. வாழாவெட்டி என்ற முறையில் தண்ணீரும் கிடையாது. பிறகு அந்த வீட்டுக்கு நான் எந்த முறையில் போவது? இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மூன்றாம் நாள் அரியலூர் பஸ்ஸில் ஏறும்போது, கம்ப்யூட்டர் அறை பூட்டித்தான் இருக்கும் என்று தெரியும். கொள்ளி வைத்தவர் கருமாதிக்கு முன் பள்ளிக்கூடம் வருவாரா? பூட்டைப் பார்த்துவிட்டு, இவர்கள் இப்படித்தான் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். தலை மொட்டை, மீசையும் இல்லை. சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"உக்காருங்க டீச்சர். மணி ஆவப் போவுது."

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"வரலன்னா, அப்பன் செத்தும் கழுத்தறுத்தான்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிவீங்க. அந்தப் பேச்சு எங்க வூட்டுக்கு வேணாம்."

அந்த வாசகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். சாவுக்கு மற்றவர் போவதில்லை என்ற இடத்தில் விரலை வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க. தூக்கற வரைக்கும் அம்மா தெருவப் பாத்துட்டே இருந்துச்சு. நீங்க வரல. அதனால கையெழுத்துப் போடறதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போட்டார். நானும் போட்டேன். தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.

போர்நிறுத்தத்துக்கும் சமாதானத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்று ஒரு கேள்வி. எங்கேயோ நடந்த சண்டைகளை வைத்து விளாசிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது. கொஞ்ச நேரம் யு.பி.எஸ். கத்தியது, பிறகு அதுவும் அடங்கித் திரை இருண்டது.

நான் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முறை போனது போனதுதான். பெரியப்பாவின் சட்டம் அவருடைய மகனுடைய பள்ளிக்கூடம் வரை வந்து என்னைப் பிடித்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட எச்சாகத் தர மாட்டேன் என்று ஏற்கெனவே சொன்னவர்தானே. கெஞ்சக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். ஜன்னலை ஒருக்களித்துத் திறந்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் வியர்வை வழிந்தது. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைத் தட்டி, மறுபடி பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தார். எழுதியது அழியாமல் இருந்தது.

"போன நேரத்தக் குறிச்சிருக்கேன். அத்தனையும் சேத்து எழுதிக்குங்க."

"எச்சா தர மாட்டேன்னு சொன்னீங்களே சார்."

"இது எச்சா இல்ல. கரண்ட் போனா முறை நிக்கும். சித்தப்பா அப்படித்தான சொல்லுவாரு?"

அன்றைக்குக் கிணற்றடியில் இதைச் சொல்லியிருக்கலாமே என்று கத்தத் தோன்றியது. அப்பன் உயிரோடு இருந்தவரை வாயைத் திறக்காத ஆள், நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரே சொல்லை, அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சொல்கிறார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிச்சக் கேள்விகளுக்கு என்ன எழுதினேன் என்று நினைவில்லை. கொடுத்த நேரம் முடிந்ததும், "கைய எடுங்க" என்றார். எடுத்தேன்.

நல்ல மார்க்கோடு தேறினேன். அடுத்த வருஷமே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வாழாவெட்டி என்று யாரும் என் காதுபடச் சொல்வதில்லை.

அதற்குள் அப்பாவும் அவரும் கிணற்றடியில் பேசி முடித்திருந்தார்கள். கரண்ட் போனால் முறை நிற்கும் என்று ஏற்பாடு. இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது திரும்ப வந்தது. போர் படித்த என்னை யாரும் கலந்துகொள்ளவில்லை.

அவர் தன் மகளுடைய மஞ்சள் நீராட்டுக்கு அழைக்க ஒருநாள் வீட்டுக்கு வந்தார். முடி வளர்ந்திருந்தது, மீசையும் வந்துவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அப்பாவிடம் நீட்டி, "எல்லாரும் வந்துருங்க சித்தப்பா" என்றார். அறைக்குள் நின்றிருந்த நான் வெளியே வரலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தேன். அவர் பார்த்துவிட்டார். அப்பாவைப் பார்த்தே சொன்னார்: "டீச்சரையும் அழைச்சிட்டு வாங்க."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். பங்குக் கிணற்றுத் தண்ணீர்.

"குடிங்க சார்" என்றேன்.

குடித்துவிட்டுப் போனார்.