கேபிள்மேல் போட்ட பழி

என் மனைவியின் தம்பிக்கு எங்கள் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த எதையும் வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூருக்குத் தெற்கே மெர்லிமா என்ற ஊருக்கு வெளியே ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பத்து வருட எலக்ட்ரிஷியன். அங்கே பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கி, ரப்பர் பாலில் முங்கி, அடுப்புக்குள் போய் வெளியே வரும். சங்கிலி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடுவது பேனலுக்குள் இருக்கும் ஒரு பெட்டி. பிஎல்சி என்போம். அதற்குள் இருக்கும் புரோகிராமைப் பார்க்கக் கால்குலேட்டர் மாதிரி ஒரு சின்னக் கருவி உண்டு. பெட்டியின் முகத்தில் சொருகி ஒவ்வொரு வரியாகப் படிக்கலாம். அதை இயக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லைன் நின்றுபோனால் சூப்பர்வைசர்கள் கேன்டீன் வரைக்கும் ஓடி வருவார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அப்புறம் இவன் வந்தான். செலண்டார் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவன். மனைவி கேட்டாள், மேலாளரிடம் நான் சொன்னேன், ஆறு மாத புரொபேஷனில் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலேயே தங்கினான். இரண்டு மாதம் போவதற்குள் நிர்வாகம் ஒரு லேப்டாப் வாங்கி அவன் கையில் கொடுத்தது. பத்து வருடமாக அங்கேயே கிடந்த என் கையில் கொடுக்கவில்லை.

காலையில் இருவரும் என் மோட்டார் சைக்கிளில்தான் போவோம். நடுவில் லேப்டாப் பை, வழி முழுக்க என் முதுகை இடித்துக்கொண்டு வரும். மழை பிடித்தால் வீட்டிலிருந்த ஒரே மழைக்கோட்டு அந்தப் பைக்குத்தான். மனைவியின் ஏற்பாடு அது.

"நீங்க நனைஞ்சா தொடச்சிக்கலாம், அது நனைஞ்சா போச்சுலா," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் அவனை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் என்னைப் பற்றி அவள் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. தொழிற்சாலையிலும் லைன் நின்றால் "தம்பியக் கூப்பிடுங்க" என்று ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படியும் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. பையன் மரியாதையானவன், வாய் நிறைய மச்சான் மச்சான் என்பான். அது இன்னும் எரிந்தது.

தீபாவளி வருவதற்கு முந்தின வாரம், முதல் லைனின் பெட்டியில் பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மின்சாரம் இல்லாதபோது புரோகிராமைக் காப்பாற்றி வைப்பது அந்தப் பேட்டரிதான். தீபாவளி விடுமுறைக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். அதற்குள் பேட்டரியை மாற்ற வேண்டும். மாற்றும்போது ஏதாவது ஆகிப் புரோகிராம் அழிந்தால் லைன் வெறும் இரும்புதான். அதனால் முதலில் லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்துவிடு என்று மேலாளர் இவனிடம் சொன்னார். என் கருவியால் படிக்கத்தான் முடியும், நகல் எடுக்க முடியாது.

காலை ஒன்பது மணிக்குப் பேனலைத் திறந்தான். ஒரு ஸ்டூலின் மேல் லேப்டாப்பை வைத்து, தானே சோல்டர் செய்த கேபிளை எடுத்து, ஒரு முனையை லேப்டாப்பிலும் மறு முனையைப் பெட்டியின் பக்கத்துத் துளையிலும் சொருகினான். திரையில் தொடர்பு இல்லை என்று வந்தது. மறுபடி செய்தான், மறுபடியும் அதே. வேகத்தை மாற்றினான். கேபிள் சொருகிய போர்ட்டை மவுஸ் பிடித்துக்கொண்டிருக்கும் என்று மவுஸ் டிரைவரை எடுத்துவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட்டான். கேபிளின் ஒவ்வொரு கம்பியையும் மீட்டரில் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. தொடர்பு மட்டும் இல்லை.

நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவன் நெற்றியில் வேர்க்க வேர்க்க என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. லைன் பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னும் நாலு பேர் வந்து பார்த்தால் தேவலை என்று நினைத்தேன்.

"என்னடா, பெரிய படிப்பெல்லாம் படிச்ச, ஒரு வயர் சொருகத் தெரியலையா?" என்றேன்.

"தெரியல மச்சான். ரெண்டாவது லைன்ல போட்டுப் பாப்போமா?"

இரண்டாவது லைனின் பெட்டியும் அதே வகைதான். அங்கே சொருகிய உடனே திரையில் வரி வரியாகப் புரோகிராம் வந்தது. ஆகவே லேப்டாப்பிலும் கோளாறில்லை, கேபிளிலும் கோளாறில்லை. முதல் லைனின் பெட்டியில்தான் ஏதோ இருக்கிறது.

திரும்பி வந்தோம். "மச்சான், கொஞ்சம் டார்ச் அடிங்க," என்றான். அடித்தேன்.

துளை மஞ்சளாக இருந்தது.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை அன்று அந்தப் பேனலுக்குத்தான் பூஜை போடுவோம். முதல் லைன், அதனால் முதல் மரியாதை. மாலை, சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் வெளியே. பேனலுக்குள் ஒன்றும் வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த வருடம் பூஜையே கிடையாது என்று மேலாளர் என்னிடம்தான் சொல்லி அனுமதி கொடுத்திருந்தார். நான் தலையாட்டிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் கதவைத் திறந்து பெட்டிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைப்பேன். சோறு போடும் பெட்டிக்கு வெறும் கதவைக் கும்பிட்டால் போதுமா என்று எனக்குப் பட்டது. அந்தத் துளையின் மூடி எப்போதோ தொலைந்திருந்தது. யாருமே பயன்படுத்தாத இடம், விரலுக்கு வாகாகவும் இருந்தது. வருடா வருடம் அதே இடத்தில்தான் வைத்தேன். அதற்குள்ளிருந்த சின்னச் சின்ன ஓட்டைகளில் சந்தனம் இறங்கிக் கல்லாகக் காய்ந்திருந்தது.

அவன் வெகுநேரம் பார்த்தான். நானும் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால் பூஜையும் போகும், என் பேரும் போகும், இவன் பேர் மேலே ஏறும். அது வேறு எதையும்விட என்னை அழுத்தியது. அவனுக்குப் புரியவில்லை, ஏதோ அழுக்கு என்று நினைக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் வந்தார். "போலே ஆ, தக் போலே?" என்று மலாயில் கேட்டார், முடியுமா முடியாதா என்று. முடியாவிட்டால் பெட்டியை விற்றவர்களின் ஆட்களைக் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டுத் திறந்து பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். நான் டார்ச்சை அணைத்தேன்.

"வேணாம் பாஸ்," என்றான் அவன். "என் கேபிள்தான் ராங். கம்பிய மாத்திக் கட்டிட்டேன். அரை மணி நேரம் குடுங்க." பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், ஸ்டோர்லேருந்து சோல்டரிங் அயன் எடுத்துட்டு வர்றீங்களா?" என்றான்.

கேபிள் சரியாக இருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு முன்தான் இருவரும் பார்த்தோம். ஆனாலும் போனேன். சோல்டரிங் அயனோடு திரும்பியபோது நகல் பாதி ஏறியிருந்தது. துளை பளிச்சென்றிருந்தது. தரையில் பல்குச்சிகள் கிடந்தன, முனையெல்லாம் மஞ்சள். என் கையிலிருந்த அயனை அவன் வாங்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. குனிந்து குச்சிகளைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பேட்டரி மாற்றியாயிற்று, லைன் ஓடியது. சாயங்காலம் மேலாளர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். டிப்ளோமா படித்தவனுக்கு ஒரு கேபிள் ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை, அரை நாள் வீண் என்றார். புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டுவதாகச் சொல்லிவிட்டு, நான் மூத்தவன் என்பதால் இனிமேல் இவன் செய்வதை நான் சரிபார்க்க வேண்டும் என்றார். நான் சரி பாஸ் என்றேன். காலையிலிருந்து நான் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா ஒரு மாதிரி இருக்க?"

"புரொபேஷன் மூனு மாசம் நீட்டிட்டாங்கக்கா."

அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க? நீங்க கூட இருந்தீங்கல்ல? என்னதான் ஆச்சு?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். நான் சொல்வேன் என்றுதான் காத்திருந்தான். இத்தனை வருடத்தில் அதில் எனக்குச் சந்தேகம் வந்ததேயில்லை.

"கேபிளத் தப்பாக் கட்டிட்டான்," என்றேன்.

"ஆமாக்கா," என்றான் அவன். "என் தப்புதான்."

பிறகு சாப்பிட ஆரம்பித்தான். அவன் டிப்ளோமாவைப் பார்த்து எரிந்தது, லேப்டாப்பைப் பார்த்து எரிந்தது எல்லாம் சும்மா. அந்த ஒரு ஆமாக்காவில்தான் நான் உண்மையாக எரிந்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், மேலாளர் வந்து நின்ற அந்த நிமிடமே அவனைக் காட்டிக் கொடுத்திருப்பேன். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது.