பட்ட மரத்தில் தீக்காக்கை

அய்யனார் கோவிலுக்குப் போகும் வழியில், காட்டை ஒட்டியது எங்கள் மாந்தோப்பு. பட்டுப்போன மாமரம் ஒன்றை அறுக்க ஆள் கூப்பிட்டிருந்தேன். அதன் கிளையில் ஒரு பறவை எங்களுக்கு முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. என்ன திமிரோ! முதுகு வெறும் பழுப்பு.

மரம் அறுப்பவர் மெஷினைத் தூக்கியதும் திரும்பியது. கருந்தலை, மார்பில் வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே வயிறு முழுக்கச் சிவப்பு. தீக்காக்கை!

"யக்கா, எம்புட்டுச் செவப்பு!" என்றவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

உளுத்த தண்டில் அது குடைந்த பொந்து தெரிந்தது. பச்சை மரத்தைக் குடைய அதன் அலகுக்கு வலுவில்லை. சுற்றுவட்டாரத் தோப்புகளிலோ பட்ட மரம் எதையும் விட்டுவைக்கவில்லை.

"செத்த மரத்த எதுக்கு வச்சிருக்கீக?" என்று பக்கத்துத் தோப்புக்காரர் இன்னும் கேட்கிறார்.

"எந்தோப்புல நல்லாப் பூக்குறதே அதுதான் அண்ணாச்சி" என்கிறேன்.