பதினொன்றரை மணி நாடி

இன்று காலை என் நாடி எழுபத்தெட்டு. நேற்று எழுபத்தாறு. இரண்டு கூடியிருக்கிறது, காரணம் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதில் தினமும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவனைக் கிழவன் என்று சொல்வதில் தவறில்லை. என் மகள் அப்படித்தான் சொல்கிறாள். படி ஏறினால் படிகளை எண்ணுகிறேன், பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை. இது பிறவிக்குணம் என்று அவள் நினைக்கிறாள். எண்ணுவது பிறவிக்குணமாக இருக்கலாம். எண்ணியதை நினைத்துப் பயப்படுவது ஏழாம் வகுப்பில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்க வருடங்கள் அவை. கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் வழியில் எங்கள் ஊர். பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மூன்று டிவிஷன்கள். இரண்டு மலையாளம், ஒன்று தமிழ். தமிழ் டிவிஷனில் நாங்கள் இருபத்தேழு பேர். அறிவியல் எடுத்த சார் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறவர் அல்ல. ஓணப் பரீட்சை முடிந்த அன்று எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். விடுமுறை நாட்களிலும், அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமைகளிலும், வீட்டில் இருப்பவர்களின் நாடித்துடிப்பைக் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு நிமிடம் எண்ணி, கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவர வேண்டும். வளர்ந்தவர்களுக்கு எழுபத்திரண்டு, சற்றுக் கூடலாம், குறையலாம். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஓடினால் ஏறும், காய்ச்சல் வந்தால் ஏறும். பாடம் அவ்வளவுதான்.

"பெருவிரல வச்சு எண்ணப்பிடாது, கேட்டியளா," என்றார் சார். "பெருவிரலுக்கே சொந்தமா ஒரு துடிப்பு உண்டு. ரெண்டும் கலந்து போச்சுன்னா எது அடுத்தவனுக்க நாடி, எது ஒனக்க நாடின்னு ஒனக்கே தெரியாது."

எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா ஊர் முக்கில், சாலை திரும்பும் இடத்தில், பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்து அறுநூற்று நாற்பது அடி, என் அடியில். அம்மா. அப்பாவின் தங்கையான அத்தை. பிறகு நான். அத்தைக்கு அப்போது இருபது வயது. ப்ரீடிகிரி முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அதுவரை நான்கு முறை வந்து, நான்கு முறையும் வாழைக்காய் வறுவலைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். கிழக்கு வீட்டு அக்காவைப் போல நர்சிங் படிக்கப் போகிறேன் என்று அத்தை ஒருநாள் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. "கண்டவனுக்க கையப் பிடிக்கிய வேல நமக்கு வேண்டாம்," என்று அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். அத்தை மறுபடி கேட்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம்.

விநாடி முள் உள்ள கடிகாரம் வீட்டில் ஒன்றுதான், அது அப்பாவின் கையில் இருந்தது. கழற்றிக் கொடுக்கும்போது, "தண்ணியில கிண்ணியில போட்டா ஒனக்க நாடிய நான் நிப்பாட்டிப்போடுவேன்," என்றார். காலை ஏழு, பகல் பதினொன்றரை, மாலை ஆறு என்று நேரம் குறித்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு அப்பா கடையில் இருப்பார் என்பதால் அவருடைய கட்டம் காலியாக இருக்கும். அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

முதல் நாள் சனிக்கிழமை. "அடுப்பில அரி வேவுது, இவனுக்கு இப்பம் கை வேணுமாம்," என்று முணுமுணுத்தபடி அம்மா ஈரக்கையை நீட்டினாள். எழுபத்தெட்டு. அத்தை முன்னறை ஜன்னலருகே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று விரலை வைத்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

"எத்தன மக்கா? உயிரு உண்டா?"

நான் மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினான்கு. அவள் ஓடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலும் இல்லை. "என்னல, வைத்தியரா நீ," என்று கையைத் தட்டிவிட்டாள்.

அந்த ஆனி மாதத்தில்தான் வடக்கு வீட்டுக்காரர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபடியே சரிந்து விழுந்திருந்தார். நெஞ்சு என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது உரித்த தேங்காய் எட்டு கிடந்தது. ஒன்பதாவது பாரையில் குத்தியபடி நின்றது. முதல் நாள் வரைக்கும் அவர் நன்றாகத்தான் இருந்தார் என்று எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அத்தையும் நன்றாகத்தான் இருந்தாள்.

மறுநாள் ஞாயிறு, அதே நேரம், எழுபத்தாறு. எனக்கு மூச்சு வந்தது. திங்கள், நூற்றுப் பதினாறு. செவ்வாய், நூற்றுப் பதினெட்டு. புதன்கிழமை திருவோணம், எழுபத்து நான்கு. பாயசம் குடித்ததால் குறைந்திருக்கும் என்று நினைத்து, வியாழக்கிழமை மிச்சமிருந்த பாயசத்தை அவளுக்கே கொடுத்தேன். நூற்று இருபது. காலையிலும் மாலையிலும் ஒரு குறையும் இல்லை. பதினொன்றரைக்கு மட்டும் அந்த நோய் வந்துவிட்டுப் போனது.

சொன்னால் அவள் பயந்து செத்துப்போவாள், சொல்லாவிட்டால் பயமில்லாமல் செத்துப்போவாள். ஆறு நாள் இதிலேயே கழிந்தது. இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். வியாழக்கிழமை மாலை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அம்மா சிரித்தாள், பிறகு வடக்கு வீட்டுக்காரர் நினைவு வந்திருக்க வேண்டும், சிரிப்பை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அவள் நாடி எழுபத்தெட்டு. டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, பையன்தான் பயந்திருக்கிறான் என்று மலையாளத்தில் சொன்னார். பதினொன்றரைக்கு எண்ணிப் பாருங்கள் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது அத்தை வார்டு வாசலில் நின்று, மருந்துத் தட்டோடு போகும் வெள்ளை உடுப்புப் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். காது கேட்கவில்லை என்று அதையும் நோயின் கணக்கில் எழுதி வைத்தேன்.

பஸ்ஸில் என் தலையில் குட்டினாள். "நல்ல ஆளு நீ. சும்மா இருந்தவள ஆஸ்பத்திரி வர கொண்டு விட்டியே."

அன்று மாலை அப்பா என் நோட்டைக் கேட்டார். கடைச் சரக்குப் பட்டியலைப் பார்ப்பது போல விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். விரல் இரண்டு இடத்தில் நின்றது.

"ஞாயித்துக்கெழம ஒழுங்கா எண்ணினியாலே?"

"ரெண்டு வட்டம் எண்ணினேன்."

"திருவோணத்தன்னைக்கு?"

"அன்னைக்கும் ரெண்டு வட்டம்."

அப்பா நோட்டை மூடினார். தபால் ஆபீஸ் மூடிக்கிடந்த இரண்டு நாட்கள் அவை. எங்கள் ஊர்த் தபால்காரரின் சைக்கிள் மணி பதினொன்றரைக்குத்தான் கேட்கும். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வரும் இடவழி முழுவதும் தெரியும். அத்தனையும் என் நோட்டில் இருந்தது. எழுதியவனுக்கு மட்டும் தெரியவில்லை.

"நாளைக்கு நீ பலாமரத்து முக்கில நில்லு," என்றார் அப்பா. குரல் மெதுவாக இருந்தது. "போஸ்ட்மேன் வரும்பம் அத்தைக்குக் கடுதாசி உண்டான்னு கேளு. உண்டுன்னா நேரே கடைக்குக் கொண்டு வா. அவளுக்கிட்ட சொல்லாத. நெஞ்சு பலம் இல்லாத ஆளுக்குக் கடுதாசி ஆவாது, கேட்டியா?"

எனக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. டாக்டருக்குத் தெரியாதது அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை அது வந்தது. நீளமான பழுப்பு உறை. அத்தையின் பெயர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது. மேல் மூலையில் ஹாஸ்பிட்டல் என்ற சொல்லை மட்டும் வாசித்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, வாசிக்க நிற்கவில்லை. ஆஸ்பத்திரி யாருக்குக் கடிதம் எழுதும்? நோயாளிக்குத்தானே. நோய் உறுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடை வரைக்கும் ஓர் அடியையும் எண்ணாமல் ஓடினேன்.

அப்பா பென்சிலால் உறையைக் கிழித்தார். முதலில் அடியில் யார் கையெழுத்து என்றுதான் பார்த்தார். வாசித்ததும் முகம் இளகியது. அவர் பயந்தது அந்தக் கடிதத்தில் இல்லை. பிறகு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். முகம் திரும்பவும் இறுகியது. மேசையின் அடித்தட்டில், நூல் உருண்டைக்கும் பழைய காலண்டருக்கும் இடையில் அதை வைத்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. போ, போயி சோறு தின்னு."

எட்டு வருடம் கழித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு அதே பலாமரத்தடியில் நான் தபால்காரருக்காகக் காத்து நின்றபோது, கடைக்குப் போகும் வழியில் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். கேட்காமலேயே சொன்னார். நர்சிங் படிப்புக்கு நேர்முகத் தேர்வு, ஆஸ்பத்திரி சென்னையில், தேதி அந்தச் சனிக்கிழமையிலிருந்து பதினேழாம் நாள். அவ்வளவு சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து நான் திரும்பியபோது அத்தை ஜன்னலில் இல்லை, வாசலில் நின்றாள்.

"போஸ்ட்மேன் போனாரா மக்கா? நமக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல, அத்த."

அவள் நாடி நூற்றுப் பதினான்கு. என்னுடையது நூற்று முப்பத்திரண்டு. ஓடி வந்திருந்தேன், அதனால் பயப்படவில்லை.

திங்கள் முதல் தபால்காரர் எங்கள் வீட்டுக் கடிதங்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பள்ளி திறந்தது. சார் சொன்ன சனிக்கிழமைகள் மிச்சமிருந்தன. முதல் சனிக்கிழமை அத்தைக்கு நூற்றெட்டு. இரண்டாவது சனிக்கிழமை, அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு, நூற்று இருபத்தாறு. மணி ஒலித்துக் கடந்து போவதை அவளும் நானும் சேர்ந்து கேட்டோம். மூன்றாவது சனிக்கிழமை எண்பத்து நான்கு. அதற்கு அடுத்த வாரம் காஞ்சிரங்குளத்திலிருந்து ஐந்தாவது மாப்பிள்ளை வீட்டார் வந்து, வறுவலைத் தின்று, சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு வேறொரு பயம் பிடித்திருந்தது. அவள் ஏறினாலும் இறங்கினாலும் நான் ஏறிக்கொண்டே இருந்தேன். ஓடாமல், காய்ச்சல் இல்லாமல், பதினொன்றரைக்கு மட்டும். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினான்கு, நூற்றுப் பதினாறு. மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து அந்த நோய் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை வருந்துவாள்.

நான்காவது சனிக்கிழமை அத்தை ஜன்னலருகே இல்லை, அடுக்களையில் இருந்தாள். எண்ணினேன். எழுபத்திரண்டு. புத்தகத்தில் உள்ளது போலவே, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் 'குணமாகிவிட்டது' என்று எழுதினேன். இவ்வளவு சந்தோஷமாக ஒரு சொல்லை நான் எழுதியதில்லை. அவளிடம் காட்டினேன். அவள் வாசித்தாள்.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள். "இனி ஒனக்க கையக் கொண்டா, நான் எண்ணுதேன்."

வேண்டாம் என்றேன். அவள் அதற்குள் பிடித்துவிட்டாள். மூன்று விரலை அவள் வைத்த விதம் சார் காட்டித் தந்ததைவிடச் சரியாக இருந்தது. யார் சொல்லித் தந்தார்களோ. உதடு அசையாமல் எண்ணினாள்.

"ஓடினியா மக்கா?"

"இல்ல."

"இஞ்சதானே இருந்தே."

"ஆமா."

என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முடிந்திருந்தது. அவள் கையை விடவில்லை. இன்னொரு நாற்பது விநாடி அப்படியே பிடித்திருந்தாள். பிறகு பேனாவை வாங்கி, என் கட்டத்தில் அவள் கையெழுத்திலேயே நூற்று இருபத்து நான்கு என்று எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

திங்களன்று சார் என் தாளை விரித்துப் பார்த்தார். அத்தையின் எழுபத்திரண்டுக்குச் சரி போட்டார். என் கட்டத்தில் அவருடைய சிவப்புப் பேனா நின்றது.

"இது ஆருக்க எழுத்து?"

"அத்தைக்க எழுத்து, சார்."

"ஒரு நிமிஷம் கணக்கா எண்ணினாளா?"

"இல்ல சார். ஒரு நிமிஷத்துக்கு மேல பிடிச்சிட்டு இருந்தா."

"அப்பம் அதாக்கும் கூடிப்போச்சு," என்று சார் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். "ஒனக்கு ஒரு கேடும் இல்லலே. போயி இரு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.